மகன் அனுப்புகிற பணம்

லில்லி இன்னும் படியில்தான் இருந்தாள். வலது கால் ஒரு படி, பிறகு அதே படியில் இடது கால், பிறகு ஒரு மூச்சு, பிறகு குடையின் முனை சிமெண்டில் தட்டுகிற சத்தம். நேசபாய் மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்தும் விட்டாள். தங்கையைவிட நாலு வயது மூத்தவள், எழுபத்து நாலு நடக்கிறது, ஆனால் அவளுடைய முட்டுகள் இன்னும் சத்தமில்லாமல் மடங்கி நிமிர்கின்றன. அதுகூட ஏதோ தன் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டதுபோல இருந்தது. கீழே கையை நீட்டத்தான் செய்தாள். "நீ போ எக்கா, எனக்கு வரத் தெரியும்" என்றாள் லில்லி. இரண்டாவது முறை கேட்காமல் நேசபாய் ஏறிவிட்டாள். லில்லி ஏறி முடிக்கிற வரைக்குமாவது தனியாக இருக்கலாம் என்றுதான் ஏறினாள். தனியாக இருந்து என்ன செய்ய? ஆடிட்டர் ஸ்ரீகுமாரின் அறைக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார், சத்தம் வெளியே வரவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் "இருங்கம்மா, சார் இப்ப கூப்பிடுவாங்க" என்றாள். நேற்று ஸ்ரீகுமார்தான் போன் செய்திருந்தார். வருமான வரி இலாகாவிலிருந்து ஒரு மெசேஜ், ஜெர்மனியில் உங்களுக்கு வருமானம் வருவதாக அந்த நாட்டுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்களாம், ஒண்ணும் பயப்படாதீங்கம்மா, நேர்ல வாங்க. ஒண்ணும் பயப்படாதீங்க. அந்த வார்த்தையை ஜெர்மன் மொழியில் அவள் எத்தனை கிழவர்களிடம் சொல்லியிருப்பாள், ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. அவர்கள் நம்பிக் கையை நீட்டுவார்கள். இப்போது தன் கை மடியில் கிடந்தது, யாரும் கேட்காமலே நீட்டிக்கொண்டு.

மகன் அனுப்புகிற பணம். ஒன்பது வருடமாக அதற்கு அதுதான் பெயர். மாதக் கடைசியில் பாங்குக்கு வரும், ஜெர்மனியிலிருந்து வரும், மகன் ஆல்வின் ஜெர்மனியில் இருக்கிறான், அப்புறம் என்ன சந்தேகம்? பாங்குக்கு இல்லை, ஊருக்கு இல்லை, கோயில் முற்றத்தில் நிற்கிற பெண்களுக்கு இல்லை. அது மகன் அனுப்புகிற பணம் இல்லை. அது அவளுடைய பென்ஷன். இருபது வயதில் நாகர்கோவிலை விட்டுப் போய், இருபத்தோரு வருடம் அந்த நாட்டு ஆஸ்பத்திரியில் கிழவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டி, செத்தவர்களின் வாயை மூடிக் கட்டி, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொண்டார்களே, அந்தப் பிடித்தம் இப்போது அந்த நாட்டு அரசாங்கத்தின் கையால் திரும்பி வருகிறது. கூடப் போன பெண்கள் பலரும் ஊர் திரும்பும்போது அந்தத் தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவள் வாங்கவில்லை. வாங்கிவிட்டேன், வீடு கட்டிவிட்டேன், கையில் ஒன்றும் இல்லை என்று எல்லோரிடமும் சொன்னாள், இருக்கிறது என்று சொன்னால் கேட்டு வருவார்கள் என்று. ஊரில் அவள் வீட்டுக்கு ஜெர்மனி வீடு என்று பெயர். அறுபத்தைந்து வயதானதும் பணம் தானாக வரத் தொடங்கியது. அதற்கு முந்தின வருடம்தான் ஆல்வினுக்கு அதே நாட்டில் வேலை கிடைத்தது. முதல் மாதம் பாங்கில் கவுண்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே "மகன் அனுப்பத் தொடங்கிட்டாரு போல?" என்றாள். பின்னால் நாலு பேர் நின்றார்கள். இல்லை, இது வேறே, என்று தொடங்கினால் வேறே என்ன என்று கேட்பார்கள். அப்போ மகன்? என்று கேட்பார்கள். கேட்கக்கூட வேண்டாம், பார்ப்பார்கள். அவள் "ம்" என்றாள். சொன்னது அவ்வளவுதான். அது ஒரு சொல்லா? தொண்டையில் எழும்பி வாய் திறக்காமலே போய்விடுகிற ஒன்று. வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்தபோது நெஞ்சு முழுக்க இளஞ்சூடாக இருந்தது. அதுதான் இப்போதும் தாங்க முடியவில்லை, அந்தச் சூடு. நிஜமாகவே மகன் அனுப்பியதுபோல.

லில்லி வந்துவிட்டாள். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து, உடம்பை மெல்ல இறக்கி, கடைசி அரை அடியை விழுந்து முடித்தாள். "இந்த ஆடிட்டருக்குக் கீழ ஒரு முறி கிடைக்கல்லியா? கணக்கு எழுத எதுக்கு ஆகாசத்துல போய் இருக்கணும்?" கம்ப்யூட்டர்ப் பெண் சிரித்தாள். "நீ வராண்டாம்னு சொன்னேன்லா" என்றாள் நேசபாய். "நீ தனியா வந்து அவன் என்ன சொன்னாலும் தலையாட்டிட்டுப் போவே. உனக்கு இந்த நாட்டு வழக்கம் இன்னும் பிடிபடல்ல எக்கா. வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்பமும் கடையில போய் நன்றி சொல்லிட்டு நிக்குதியே." நனைந்த குடையை நாற்காலிக்குக் கீழே தள்ளினாள், அதிலிருந்து தண்ணீர் வழிந்து நேசபாயின் செருப்பை நோக்கி வந்தது. லில்லி சேலைக்கு மேலேயே முட்டுக்காலைப் பிசைந்துகொண்டாள். எலும்போடு எலும்பு உரசுகிறது என்று டாக்டர் படத்தில் காட்டினார். மாற்றி வைக்க வேண்டும். மாற்றினால் நடக்கலாம், இல்லையென்றால் இன்னும் கொஞ்ச நாளில் வாக்கர், அப்புறம் கட்டில். கட்டிலில் விழுந்தவர்களின் முதுகு எப்படி ஆகும் என்று நேசபாய்க்குத் தெரியும். நான் தாறேன், செய்துகொள் என்று சொன்னாள். சொன்னபோது லில்லி அரிசி களைந்துகொண்டிருந்தாள், தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அது உனக்க மகன் உனக்குத் தந்த பைசா. எனக்குத் தரணும்னா அவனுக்குத் தெரியாதா?" அப்படியென்றால் அவனிடம் கேள் என்றாள் நேசபாய். "கேக்க மாட்டேன். மாசாமாசம் உனக்கு அனுப்புதான், அங்க வாடகை, குளிருக்கு உடுப்பு, அவனுக்கும் ஒரு குடும்பம். இன்னும் நான் வேறயா அவன் தலையில ஏற?" அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். பாங்கில் முடியாமல் போனது சரி, பின்னால் நாலு பேர் நின்றார்கள். அடுக்களையில் யார் நின்றார்கள்? லில்லி நின்றாள். லில்லி ஒருத்தி நின்றதுதான் நாலு பேரைவிடப் பெரிதாக இருந்தது.

ஏனென்றால் ஆல்வினை வளர்த்தவள் லில்லி. நேசபாயும் கணவரும் அங்கே ஷிப்ட் மாற்றி ஷிப்ட் வேலை பார்த்தார்கள், ஒருவர் வரும்போது மற்றவர் போவார், பிள்ளை நடக்கப் பழகுவதற்கு முன்பே ஊருக்குக் கொண்டுவந்து லில்லியின் இடுப்பில் வைத்துவிட்டு விமானம் ஏறினாள். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். எல்லோரும் செய்தார்கள் என்பது அப்போது நல்ல காரணமாக இருந்தது. மாதாமாதம் பணம் அனுப்பினாள். சாக்லேட் அனுப்பினாள், கலர் பென்சில் அனுப்பினாள், ஒரு தடவை நீலக் கம்பளிச் சட்டை. நாகர்கோவில் வெயிலில் கம்பளிச் சட்டை! அதைப் போட்டு ஸ்டுடியோவில் நிறுத்திப் படம் எடுத்து லில்லி அனுப்பினாள். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது, பிள்ளை சிரிக்கவில்லை. வார்டில் தன் அலமாரிக் கதவின் உள்பக்கம் அந்தப் படத்தை ஒட்டியிருந்தாள், ஒவ்வொரு முறை ஏப்ரன் எடுக்கும்போதும் அந்த வியர்வையைப் பார்ப்பாள், பாவம், எப்படி உறுத்தியிருக்கும் என்று நினைப்பாள், அடுத்த மாதம் மறுபடியும் கம்பளிதான் வாங்கினாள், அங்கே கடையில் பிள்ளைகளுக்கு வேறே என்ன இருக்கிறது. அவனுடைய ஒன்பது வயதில் இவள் ஊரோடு திரும்பி வந்தபோது அவன் லில்லியின் பின்னால் நின்றான். சித்தி என்றுதான் லில்லியைக் கூப்பிட்டான், சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். இவளை ஜெர்மனி அம்மா என்றான். வந்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, இவள் அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது: "சித்தி, ஜெர்மனி அம்மா எப்பம் திரும்பிப் போவாவ?" "ஷ்ஷ்" என்றாள் லில்லி. அந்த ஷ்ஷ்தான் அதிகம் வலித்தது. கேள்வியை அவன் கேட்டான், பிள்ளை கேட்கும். அதை மறைக்கவேண்டும் என்று லில்லிக்குத் தோன்றியதே. முப்பத்து மூன்று வருடம் ஆகிவிட்டது, இப்போதும் குழாயைத் திறந்தால் அந்த ஷ்ஷ் வருகிறது.

"என்ன வருமானமாம் எக்கா? நீ அங்க வீடு ஏதும் வாங்கிப் போட்டிருக்கியா, எங்களுக்குத் தெரியாம?" லில்லி கேலியாகத்தான் கேட்டாள். நேசபாய் "வீடு வாங்குத மூஞ்சியா இது?" என்றாள். நல்ல பதில். எவ்வளவு சுலபமாக வருகிறது. பொய்கூட இல்லை. இத்தனை வருடத்தில் பொய் என்று வாய் திறந்து சொன்னது குறைவு, பெரும்பாலும் தலையசைப்பு, பெரும்பாலும் ம். ஆடிட்டர் ஸ்ரீகுமாரிடமும் அப்படித்தான். மாடி வாடகையும் டெபாசிட் வட்டியும் கணக்குக் காட்ட முதன்முதலில் இங்கே வந்தபோது பாங்குப் புத்தகத்தில் விரலை வைத்து "இந்த வரவு?" என்று கேட்டார். அப்போது இருந்த வேறொரு பெண் அங்கிருந்தே "அம்மாவுக்க மகன் ஜெர்மனியில இருக்காரு சார்" என்றாள். "ஓ, மகன் அனுப்புறதா? அப்போ பிரச்சனையே இல்லம்மா. மகன் தாய்க்குக் கொடுத்தா அது வருமானமே இல்ல, வரி கிடையாது." சட்டத்துக்குள் அப்படி ஓர் இடம் இருப்பது அவளுக்கு அதுவரை தெரியாது. மகன் கொடுப்பதை அரசாங்கம் வருமானமாக எண்ணுவதில்லை; தாய் தானே உழைத்ததை எண்ணும். மகன் என்றால் வரி இல்லை, பென்ஷன் என்றால் வரி. வரிக்காக அவள் தலையாட்டவில்லை. கர்த்தருக்குத் தெரியும், ஒரு பைசா வரிக்காக இல்லை. ஆனால் கர்த்தருக்கு எதற்காக என்றும் தெரியும், அதுதானே. இலாகாக்காரர்கள் இவளைப் பணத்துக்காகப் பொய் சொன்ன கிழவி என்று நினைப்பார்களானால் நினைத்துக்கொள்ளட்டும். அது சின்ன வெட்கம். திருடி என்று சொன்னாலும் தாங்கிக்கொள்ளலாம். ஐயோ பாவம், மகன் ஒன்றும் அனுப்புவதில்லையாம், இவளே தன் பணத்துக்கு மகன் பெயர் வைத்துக்கொண்டாளாம் என்று சொன்னால்?

கண்ணாடிக்குள் வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து, ஏதோ நினைவு வந்து, மறுபடியும் உட்கார்ந்தார். இன்னும் கொஞ்ச நேரம். யாருக்கு நன்றி சொல்ல என்று தெரியாமல் அந்த மனிதருக்கு நன்றி சொன்னாள். ஒரு வேளை ஸ்ரீகுமார் வேறு எதைப் பற்றியோ பேசலாம். ஒரு வேளை பெயர் மாறி வந்த மெசேஜாக இருக்கலாம், ஊரில் எத்தனை நேசபாய்கள். இருக்காது. அந்த அரசாங்கம் தவறு செய்யாது, அவள் அதைப் பார்த்தவள். வருடத்துக்கு ஒரு முறை தவறாமல் தபாலில் ஒரு தாள் வரும்: நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா? இருந்தால் யாராவது அதிகாரியிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி அனுப்புங்கள். இங்கே உள்ளூரிலேயே வாங்கலாம். வாங்கினால் பேச்சு வரும். கண் பரிசோதனை என்று லில்லியிடம் சொல்லிவிட்டு, ரயிலேறித் திருவனந்தபுரம் போய், தெரியாத வக்கீல் ஒருவர் முன்னால் நின்று உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டுத் திரும்புவாள். வரும்போது லில்லிக்கு ஒரு பாக்கெட் நேந்திரங்காய் சிப்ஸ். "கண்ணு எப்படி இருக்காம்?" "ம், குறை ஒண்ணும் இல்ல." வருடா வருடம் அவள் உயிரோடு இருக்கிறாளா என்று அக்கறையாகக் கேட்கிறவர்கள் அவர்கள் மட்டும்தான் என்று ரயிலில் ஒரு தடவை நினைத்துச் சிரிப்பு வந்தது, எதிரே இருந்த பெண் பார்த்தாள், சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள். ஆல்வின் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுவான். பிறந்தநாளுக்குக் கூப்பிடுவான். சுகமா? ம். மருந்து சாப்பிடுறீங்களா? ம். பிறகு இவள் கேட்பாள், அங்கே குளிரா? ம். அவனுக்கும் அந்த எழுத்து வரும், அது இவளிடமிருந்து போனது, போனது அந்த ஒன்றுதான். லில்லிக்கு ஒவ்வொரு ஞாயிறும் கோயில் முடிந்ததும் போன் வரும். முற்றத்து வேப்பமரத்தடியில் நின்று லில்லி சிரித்துச் சிரித்துப் பேசுவாள், என்ன சாப்பிட்டே, என்ன கறி, மீன் கிடைக்குமா அங்க, பிள்ளைக்குப் பல் முளைச்சாச்சா. நேசபாய் கொஞ்சம் தள்ளி நின்று சேலை மடிப்பைச் சரிசெய்வாள். பேசி முடித்து லில்லி சொல்லுவாள்: "எனக்குப் பேச்சு, உனக்குப் பைசா. நல்லாத்தான் பங்கு வச்சிருக்கான் பய." அப்போது அவள் முகத்தில் ஒரு நிழல் போகும், போகிறதை நேசபாய் பார்த்திருக்கிறாள். பார்த்து, அந்த நிழலில் கொஞ்சம் இளைப்பாறியிருக்கிறாள். இல்லை என்று சொல்ல முடியாது. உனக்கு மட்டும் இல்லை, எனக்கும் ஏதோ வருகிறது. உண்மையைச் சொன்னால் பங்கு எப்படி ஆகும்? உனக்குப் பேச்சு. எனக்கு? எனக்கு ஜெர்மனி.

ஒரு ஜூலை மாதம். அதை நினைக்கக்கூடாது. நினைவு அங்கே போகும்போதெல்லாம் வேறே எதையாவது எடுத்துவைத்து அடைப்பாள், அரிசி தீர்ந்தது, வாடகைக்காரன் மோட்டார் போடவில்லை. இன்றைக்கு அடைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஜூலையில் அந்த நாட்டில் பென்ஷனைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். புத்தகத்தில் பார்த்தாள், வீட்டுக்கு வந்தாள், லில்லி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்: "இந்த மாசம் கூடுதல் போட்டிருக்கான். சம்பளம் கூட்டியிருப்பாங்க போல." யாரும் கேட்கவில்லை. நாலு பேர் பின்னால் நிற்கவில்லை. வாயைத் திறந்து, முழு வாக்கியமாக, போல என்று ஒரு ஊகத்தையும் சேர்த்து, ஒரு தாய் பெருமையை மறைத்துக்கொண்டு சொல்வாளே அந்தக் குரலில். லில்லி கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். "நல்லது. பிள்ளைக்கு மனசு இருக்கு" என்றாள். கொஞ்சம் கழித்து "கால் வலிக்கு எண்ணெய் தீந்து போச்சு, கடைக்குப் போனா வாங்கிட்டு வா, பைசா தாறேன்" என்றாள். பைசா தாறேன். ஒரு பாட்டில் எண்ணெய்க்கு. அந்தப் பிள்ளைக்கு இரவெல்லாம் முழித்திருந்து காய்ச்சல் பார்த்தவள். சளிக்குக் கற்பூரவல்லி பிழிந்து கொடுத்தவள். கம்பளிச் சட்டையின் உறுத்தலுக்கு உள்ளே பழைய பனியன் போட்டுவிட்டாளாம், பிறகு ஒரு தடவை சொன்னாள், படத்தில் அது தெரியாது. பணம் அனுப்பினால் அது அன்புதான் என்று இந்த ஊருக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் இவளைப்போல வெளியே போன பெண்கள்தான். அதனால்தான் ஊர் உடனே நம்பியது. அவளும் நம்பினாள், ஒவ்வொரு மாதமும் கொஞ்சம்.

"அம்மா, வாங்க" என்றது கண்ணாடிக் கதவு. வெள்ளைச் சட்டைக்காரர் போய்விட்டிருந்தார், எப்போது போனார்? லில்லி நாற்காலிக் கைகளைப் பிடித்தாள். நேசபாய் கையை நீட்டினாள், இந்த முறை லில்லி பிடித்துக்கொண்டாள், சொரசொரப்பான கனமான கை, முழு உடம்பும் அதில் ஒரு கணம் தொங்கியது, முட்டிக்குள் ஏதோ நொறுங்குகிற சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. "சவம், இது எனக்க முட்டா, முறுக்குச் சட்டியா?" என்றாள் லில்லி. நீ வெளியே இரு என்று சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்ல? இரண்டு பேருமாக உள்ளே போனார்கள். ஸ்ரீகுமார் பாதி எழுந்து உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணுமில்லம்மா, இப்ப அரசாங்கங்கள் ஒண்ணுக்கொண்ணு தகவல் கொடுத்துக்குறாங்க, கேட்டீங்களா. அவங்க நாட்டிலிருந்து உங்க பேருக்குப் பணம் வருதுன்னு இங்க சொல்லியிருக்காங்க. மகன் அனுப்புறதைத்தான் தப்பா எடுத்திருக்கணும். நான் எல்லா வருஷமும் மகனின் அன்பளிப்புன்னு சுத்தமா காட்டியிருக்கேன். மகன்கிட்ட சொல்லி, இது நான் எங்க அம்மாவுக்குக் கொடுத்ததுன்னு ரெண்டு வரி மெயில் போடச் சொல்லுங்க. அதை வச்சே பதில் போட்டு முடிச்சிரலாம்." இரண்டு வரி. நான் எங்க அம்மாவுக்குக் கொடுத்தது. அந்த இரண்டு வரியை அவன் விரல்கள் தட்டுவதை அவள் பார்த்தாள். தட்டமாட்டான். அல்லது தட்டிவிடுவான். எது மோசம்? "அதுக்கென்ன, இப்பமே போடுதேன்" என்றாள் லில்லி, பையிலிருந்து போனை எடுத்தாகிவிட்டது. "இப்பம் அங்க காலம்பற. எழும்பியிருப்பான்." போனைக் காதில் வைக்கவில்லை, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள், சத்தமாக மணி அடித்தது, தூரத்து மணி, நேசபாய்க்குத் தெரிந்த நாட்டின் மணி.

"வை லில்லி."

"ஏன், எடுப்பான்."

"வைன்னு சொல்லுதேன்லா. அவன் அனுப்பல்ல."

"என்ன, இந்த மாசம் அனுப்பல்லியா?"

"எந்த மாசமும் அனுப்பல்ல."

லில்லியின் விரல் போன்மேல் இறங்கியது. மணி நின்றது. நேசபாய் ஸ்ரீகுமாரைப் பார்த்துத்தான் சொன்னாள், தங்கையைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. "அது நான் அங்க வேலை பார்த்ததுக்கு, சார். பென்ஷன். அந்த சர்க்கார் தருது. எனக்க மகன் ஒண்ணும் தரல்ல. நான் கேக்கவும் இல்ல." ஸ்ரீகுமார் துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். நல்ல மனிதர், முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கம்ப்யூட்டரில் வைத்தார். "அப்போ இது வேற மாதிரிம்மா. வருமானமாத்தான் காட்டணும். அங்க வரி பிடிச்சிருந்தாங்கன்னா இங்க கழிக்க வழி இருக்கு, பார்க்கலாம். பழைய வருஷங்களைத் திருத்தணும், வட்டியும் வரும்." "கட்டுதேன் சார்" என்றாள். கட்டலாம். கட்டுகிறது என்றால் எவ்வளவு லேசான வேலை. பக்கத்தில் லில்லி சேலைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றி, அவிழ்த்து, சுற்றி.

"உனக்க சொந்தப் பைசான்னா நான் அன்னைக்கே வாங்கியிருப்பேனே" என்றாள் கடைசியில். குரல் உயரவில்லை. "நீ எனக்குத் தர வேண்டியதுதானே எக்கா. ஒன்பது வருஷம் உனக்க பிள்ளைய வளத்தவ நான். ஒன்பது வருஷமா நான் அந்தப் பயல உள்ளுக்குள்ள ஏசிட்டுல்லா இருக்கேன், பெத்தவளுக்கு அனுப்பத் தெரியுது, வளத்தவளுக்கு ஒரு எண்ணெய்க்குக் காசு அனுப்பத் தெரியல்லியேன்னு." நேசபாய் தலை குனிந்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். லில்லி சட்டென்று நிமிர்ந்தாள். "இரு. நான் அவன்கிட்ட சொல்லுவேனே. ஞாயிற்றுக்கிழமை போன் வைக்கும்போது எப்பமும் சொல்லுவேன், அம்மைக்கு மாசம் தவறாம அனுப்புதியே மக்களே, கர்த்தர் உன்னைக் கைவிடமாட்டாருன்னு. ஒரு நாளும் அவன் இல்லன்னு சொல்லல்லியே?"

"என்ன சொல்லுவான்?"

"என்ன சொல்லுவான், ம்-ன்னுவான்."

மேசை, கம்ப்யூட்டர், சுவரில் லெட்சுமி படம் போட்ட காலண்டர், எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ம் என்றானாம். ஒவ்வொரு ஞாயிறும். முதல் ஞாயிறு அவனுக்குப் புரிந்திருக்காது. சித்தி எதையோ தவறாக நினைத்துச் சொல்கிறாள் என்று விட்டிருப்பான். இரண்டாவது ஞாயிறு புரிந்திருக்கும். அம்மா ஊரில் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று, ஏன் சொல்கிறாள் என்று, அந்தக் குளிரில் ஏதோ ஒரு சமையலறையில் நின்று அவனுக்குப் புரிந்திருக்கும், அவனுடைய பின்னாலும் யாரோ நின்றிருப்பார்கள், அல்லது யாரும் நின்றிருக்க மாட்டார்கள். வாயைத் திறக்காமல் ம் என்றிருக்கிறான். எப்போது திரும்பிப் போவாள் என்று கேட்ட பையன். காட்டிக்கொடுக்கவில்லை. எந்தக் கிறிஸ்துமஸிலும் இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன்னை ஒரு நல்ல மகனாக இவள் செய்துவைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு, அதில் தன் பங்குக்கு எதையும் சேர்க்காமல், அதை உடைக்காமலும், வைத்திருந்திருக்கிறான். இதுவா அவன் அனுப்பியது? இத்தனை வருடமும் ஊர் முன்னால் மட்டும்தான் இந்த நாடகம் என்று நினைத்திருந்தாள். அவன் முன்னாலும் நடந்திருக்கிறது, ஒவ்வொரு வாரமும், அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

ஸ்ரீகுமார் திரையை அவள் பக்கம் திருப்பினார். வருடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதே சொல், மகனின் அன்பளிப்பு, மகனின் அன்பளிப்பு. உலகத்தில் வேறே எங்கேயும் அப்படி எழுதியிருக்கவில்லை. "இதை எல்லாம் எடுத்துரட்டாம்மா?" என்று கேட்டார், மெதுவாகத்தான் கேட்டார். தலை தானாக அசையப் பார்த்தது. அவள் அதை நிறுத்தினாள்.

"எடுத்துருங்க" என்றாள் வாயைத் திறந்து.

அப்போது மேசைமேல் லில்லியின் போன் அதிரத் தொடங்கியது. ஆல்வினின் முகம், பனியில் தொப்பி போட்டுக்கொண்டு. "மணி கேட்டுத் திரும்பக் கூப்பிடுதான்" என்றாள் லில்லி. எடுக்கவில்லை, அணைக்கவும் இல்லை. "நான் என்னத்தச் சொல்ல?"

"முட்டு ஆபரேஷனுக்கு அக்கா பைசா தாறா, அவளுக்க சொந்தப் பைசான்னு சொல்லு."

லில்லி அவளை ஒரு தடவை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு இன்னும் அதிர்கிற போனைத் தூக்கி, மூத்தவளின் மடியில் மறுபடியும் நீட்டியபடி கிடந்த கையில் வைத்தாள்.

"நீயே சொல்லு" என்றாள்.